தாய்த்தண்ணி

பெரியவளுக்குக் கை பச்சை. நகக்கண்ணில் ஏறிய அந்தப் பச்சை சோப்புக்கும் போகாது, எலுமிச்சைத் தோலுக்கும் போகாது. புதிதாகப் பார்ப்பவர்கள் ஏதோ தோல் வியாதி என்று ஓர் அடி தள்ளி நிற்பார்கள். விஷயம் தெரிந்தவர்கள் அதே கையைப் பார்த்து, "கைராசின்னா இதுதான்" என்று வாயைப் பிளப்பார்கள். அந்த வீட்டுச் சோறும் அந்த வீட்டு மீனின் சிவப்பும் அந்தக் கையில்தான் இருந்தன. கையோடு சேர்ந்து ஆளும் மாட்டிக்கொண்டிருக்கிறாள் என்பதுதான் யார் கண்ணிலும் படவில்லை.

வீட்டுக்குப் பின்னால் நீளமான முற்றம். வரிசையாகச் சிமெண்டுத் தொட்டிகள். அவற்றில் தங்கமீன் வளர்த்தார்கள். கடைகளிலும் ஓட்டல்களிலும் கண்ணாடித் தொட்டியில் விட்டு அழகு பார்க்கிற மீன். பேர்தான் தங்கம். சும்மா விட்டால் தவிட்டு நிறத்தில் சோகையாக ஒரு மஞ்சள்தான் வரும். மீன் தன் சிவப்பைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது, தின்கிற தீனியிலிருந்துதான் எடுக்க வேண்டும். குளத்து மீனுக்கு அங்கேயே பாசி முளைத்துக் கிடக்கிறது. சிமெண்டுத் தொட்டி மீனுக்கு யார் இருக்கிறார்கள்? பெரியவள்தான் இருந்தாள்.

முற்றத்தின் கோடியில், மற்ற தொட்டிகளை விட்டு விலகி, முழங்கால் உயரத்தில் அகலமாக ஒரு தொட்டி. அதில் மீன் கிடையாது. சோடா உப்பும் கல்லுப்பும் கரைத்த தண்ணீரில் சுருள்பாசி வளர்ந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ பச்சைப் பெயிண்டைக் கொட்டி வைத்த மாதிரி இருக்கும். அதை வெயில் ஏறும்போது கலக்க வேண்டும், உச்சி வெயிலில் கலக்க வேண்டும், வெயில் சாயும்போது கலக்க வேண்டும், நடுவில் நினைத்த போதெல்லாம் கலக்க வேண்டும். கலக்காமல் விட்டால் மேலே ஏடாகக் கட்டி, வெயிலில் வெந்து, தெருமுனை வரைக்கும் நாறும். மழை வந்தால் தார்ப்பாயை இழுத்து மூட வேண்டும். ஒன்றுவிட்டு ஒரு நாள் துணியில் வடித்து, கல்லை ஏற்றிப் பிழிந்து, ஓட்டைத் தட்டில் வைத்து அழுத்தி, நூல் நூலாக வலைமேல் காயப்போட்டுப் பொடிக்க வேண்டும். அந்தப் பொடியை மீன்தூளோடும் தவிட்டோடும் வெந்த மாவோடும் பிசைந்து போட்டால், ஒரு மாதத்தில் மீன் நெருப்பாகச் சிவக்கும். நிறுத்தினால் வந்த வழியே வெளுக்கும். மற்ற வேலைக்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமை உண்டு. நிறத்துக்கு லீவே கிடையாது.

பாசி வருவதற்கு முன்னால் அந்த வீட்டில் பெரியவளைச் சீந்துவாரில்லை. கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து புருஷன் மீன்காரரும் அவர் தம்பியும் வாசலில் நின்று பேசுவார்கள்; இவள் டீயை வைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். வெளுத்த மீன் விலைபோகாமல் தொழிலே படுத்துக் கிடந்த ஒரு சமயம், ஏதோ பாசி வளர்க்கிற பயிற்சிக்கு வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்றார்கள். ஆண்களுக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை, இவளை அனுப்பினார்கள். திரும்பும்போது பஸ்ஸில் மடியில் ஒரு கேன் வைத்துக்கொண்டு வந்தாள். அதற்குள் தாய்த்தண்ணி இருந்தது. உறைமோர் மாதிரி, ஒரு கை தாய்த்தண்ணி இருந்தால் ஒரு தொட்டியையே பச்சையாக்கிவிடலாம். அந்த வருஷம் மீன் சிவந்தது. அதற்கப்புறம் வாசலில் நடக்கிற பேச்சு அவள் வரும் வரைக்கும் காத்திருந்தது.

அந்த ருசி பொல்லாதது. யாருக்கானாலும் பொல்லாதது, இவளை மட்டும் சொல்லிக் குற்றமில்லை.

வீட்டின் மறுபாதியில் கொழுந்தனும் அவன் மனைவி சின்னவளும் இருந்தார்கள். சின்னவள் சூட்டிகையானவள், எதையும் ஒரு தரம் பார்த்தால் போதும். "எனக்கும் சொல்லிக் குடுங்கக்கா, ரெண்டு தொட்டியா போட்டா உங்களுக்கும் ஒத்தாசையா இருக்கும்ல" என்று கள்ளமில்லாமல் வந்து நின்றாள். பெரியவளும் சொல்லிக் கொடுத்தாள். உப்பின் அளவு சொன்னாள், கலக்குகிற வாட்டம் சொன்னாள், துணி எங்கே கிடைக்கும் என்று சொன்னாள். ஒன்றே ஒன்றைச் சொல்லவில்லை. புதிதாக ஊற்றிய தண்ணீர் நீர்த்திருக்கும். பாசி நெருங்கி வளர்ந்து ஒன்றுக்கொன்று நிழலாகிற வரைக்கும் அதற்கு வெயில் ஆகாது, நிழலில்தான் வைத்திருக்க வேண்டும். அதை மறந்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. நாக்கு நுனி வரைக்கும் வந்ததை விழுங்கினாள்.

சின்னவளின் தொட்டி நல்ல கோடை வெயிலில் பால்போல வெளுத்துச் செத்தது. மறுபடி ஊற்றினாள், மறுபடி செத்தது. "ஒரே தண்ணி, ஒரே உப்பு. அங்க வளருது, இங்க வெளுக்குது" என்று மீன்காரர் தலையைச் சொறிந்தார். "கைராசிதான், வேறென்ன!" என்று அவரே முடிவும் கட்டினார். பெரியவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சும்மா இருந்தாள். அந்தச் சும்மாதான் இத்தனை வருஷமாக நின்று வேலை செய்தது. மீன்காரர் பாசித்தொட்டி இருக்கிற திசையில் கைகூட நீட்டுவதில்லை. சின்னவளைத் தீனி பிசைய விடுவதில்லை, குஞ்சு மீனுக்குத் தண்ணீர் மாற்ற விடுவதில்லை. வலை அலசவும் பாலிதீன் பை கழுவவும் இரண்டு வீட்டுக்கும் சமைக்கவும் ராசியில்லாத கை போதும் என்று ஆயிற்று.

இப்போது மகள் படுத்திருந்தாள்.

எங்கோ தொலைவில், ஒரு மாடி அறையில், வயிற்றில் பிள்ளையோடு. முதல் பிள்ளை தங்கவில்லை. அப்போதும் பெரியவள் "வரேன்" என்றுதான் சொன்னாள். அப்போதும் ஓர் ஆர்டர் இருந்தது. எல்லாம் முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தபோது மகள் அழக்கூட இல்லை. "இப்ப பாசிய யாரும்மா பாக்குறாங்க?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வியைப் பெரியவளால் இன்னும் செரிக்க முடியவில்லை.

கைப்பேசியைத் தொட்டியின் விளிம்பில் சாய்த்து வைத்துவிட்டுத்தான் மகளோடு பேசுவாள். கை ஓய்ந்தால்தானே எடுத்துக் காதில் வைக்க?

"என்னம்மா சத்தம்?"

"கலக்குறேன்டி. நீ சொல்லு. டாக்டர் என்ன சொன்னாங்க?"

"எழுந்திருக்கவே கூடாதாம். பாத்ரூமுக்கு மட்டும் போலாமாம். இவரு லாரிய எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. போனா அஞ்சாறு நாளாயிரும்."

"சாப்பாடு?"

"பக்கத்து வீட்டு அக்கா குடுத்துட்டுப் போறாங்க. கதவத் தெறக்க எழுந்திருக்கணும்ல, அதனால தாப்பா போடாம சும்மா சாத்தியே வச்சிருக்கேன்."

பெரியவள் கலக்கிக்கொண்டிருந்த துடுப்பு நின்றது. "தாப்பா போடாமயா? நாள் பூராவா?"

"வேற என்னம்மா செய்ய?" மகள் ஒருக்களித்துப் படுக்கிற சத்தம் கேட்டது. "நீ வருவல்ல?"

"வரேன்டி."

"எப்ப?"

"வரேன்னா வரேன்."

"போன தடவையும் இப்படித்தாம்மா சொன்ன" என்றாள் மகள். கோபமில்லை குரலில். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள்.

அன்றைக்கு மத்தியானம் பார்த்துத்தான் மூடிக்காரர் வந்து சேர்ந்தார். அவர் மீன் மொத்த வியாபாரி. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்பு மருந்து மூடி வைத்திருப்பார், அதனால் அந்தப் பேர். வலையில் மீனை அள்ளி, பக்கத்தில் மூடியைப் பிடித்துப் பார்ப்பார். மூடியும் மீனும் ஒன்றாயிருந்தால் மூக்கால் ஒரு "ம்" வரும். இல்லையென்றால் மூடி பைக்குள் போய்விடும், ஆளும் போய்விடுவார்.

"ம்" என்றார் அன்றைக்கு. "இதே சிவப்பு, இம்மி கொறையாம, அடுத்த மாசக் கடைசிக்கு வேணும். பெரிய ஓட்டல் ஒண்ணு தெறக்கறாங்க. சுவரு பூரா மீனாம். முந்தின தடவ இன்னொரு ஓட்டலுக்கு வேற எடத்துல வாங்கிக் குடுத்தேன், ரெண்டே வாரத்துல எல்லாம் வெளுத்து, தண்ணிக்குள்ள எலும்பிச்சம்பழம் மெதக்குதுன்னு கேலி பண்ணிட்டாங்க. தங்கச்சி இருக்கற வரைக்கும் எனக்குக் கவலயில்ல."

"அவ எங்க போகப் போறா!" என்று மீன்காரர் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

பெரியவள் கையைப் புடவையில் துடைத்தாள். அடுத்த மாதக் கடைசிதான் மகளுக்கும் நாள் குறித்திருந்தது.

வியாபாரி போனதும் ஆரம்பித்தாள். மீன்காரர் சோற்றுத் தட்டின் முன்னால் இருந்தார்.

"நான் போகணுங்க."

"போ. யாரு வேணாம்னா? எம் பொண்ணு இல்லையா அவ? ரெண்டு நாள் இருந்து பாத்துட்டு வா."

"ரெண்டு நாளா? பெத்து எழுந்து நடமாடுற வரைக்கும் இருக்கணும்."

அவர் பிசைந்த கையோடு ஜன்னல் வழியாகப் பாசித்தொட்டியைப் பார்த்தார். பெண்டாட்டி முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்ப இது?"

"நீங்க பாத்துக்குங்க. நான் எல்லாம் சொல்லித் தரேன்."

"நானா?" சோறு புரையேறியது அவருக்கு. தண்ணீர் குடித்துத் தலையில் தட்டிக்கொண்டார். "நல்லா சொன்ன போ. சின்னவ கை பட்டதுக்கே பாலா வெளுத்துச்சு. எங் கை பட்டா தொட்டியே வெடிச்சுரும்."

"கையில ஒண்ணும் இல்லங்க. யாரு கலக்கினாலும் வளரும். அது வெறும் பாசி. யாரு கைன்னு பாக்க அதுக்கென்ன கண்ணா இருக்கு?"

மீன்காரர் அவளை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் அன்பு இருந்தது, அதுதான் கொடுமை. "இதுதான் உங்கிட்ட எனக்குப் புடிச்சதே. இவ்வளவு ராசிய வச்சுக்கிட்டு ஒரு பொட்டுத் தலக்கனம் இல்ல பாரு."

"தலக்கனம் இல்லாம சொல்லலங்க, நெசத்தச் சொல்றேன்!"

"சரி சரி, கொழம்ப ஊத்து."

நெசத்தைச் சொன்னால் அடக்கம் என்கிறான் மனுஷன். இதற்கு மேல் யாரிடம் போய் முட்டிக்கொள்வது? சுவர் இருந்தாலாவது முட்டிக்கொள்ளலாம்.

மிச்சமிருந்தது சின்னவள்தான். அவள் வீட்டுப் பின்பக்கக் குழாயடியில் உட்கார்ந்து பாலிதீன் பைகளை அலசிக் கொடியில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். காற்றில் பைகள் உப்பிக்கொண்டு ஆடின. பெரியவள் பக்கத்தில் போய்க் குந்தினாள், தானும் ஒரு பையை எடுத்து அலசினாள்.

"என்னக்கா, அதிசயமா இருக்கு?"

"பாசிய நீ பாத்துக்கறியா? நான் பொண்ணுகிட்ட போயிட்டு வர்ற வரைக்கும்."

சின்னவள் முதலில் சிரித்தாள். "நானா? நான் தொட்டா பிளாஸ்டிக் பூவே வாடிருங்க்கா."

"வெளையாடாத. நெசமாத்தான் கேக்குறேன்."

"நானும் நெசமாத்தான் சொல்றேன்." அவள் சிரிப்பு மெல்ல வடிந்தது. "உங்க பொண்ணு கஷ்டம் எனக்குத் தெரியாதா? நான் வேணும்னா அங்க போறேன். நீங்க சொல்லுங்க, இன்னைக்கே பஸ் ஏறுறேன். போய்ச் சமைச்சுப் போட்டு, பக்கத்துல இருந்து பாத்துக்கறேன்."

பெரியவள் அலசுவதை நிறுத்தி நிமிர்ந்தாள். சின்னவளே சட்டென்று தலையை ஆட்டிக்கொண்டாள். "வேணாங்க்கா. புள்ளத்தாச்சிப் பொண்ணு. எங் கை… போன தடவையே அப்படி ஆயிருச்சு. நான் போயி ஏதாவது ஒண்ணு ஆனா, ஆயுசுக்கும் எனக்கு ஆறாது."

"உங் கைக்கு என்னடி? அன்னைக்கு ஏதோ ஆயிருச்சு, அதப் போயி…"

"ஏதோ இல்லக்கா. நீங்க சொன்னதுல ஒண்ணு விடாம செஞ்சேன். ஒண்ணு விடாம. அப்படியும் செத்துச்சுன்னா என்ன அர்த்தம்?" ஈரக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான் ரோஜாச் செடிகூட வைக்கறதில்ல இப்பல்லாம்."

சொல்லிவிடலாம். இரண்டே வாக்கியம். நான் ஒன்றை மறைத்தேன், உன் கையில் ஒரு குறையும் இல்லை. அதைச் சொல்லிவிட்டால் கதவு திறந்துவிடும். சின்னவள் பாசியைப் பார்த்துக்கொள்வாள், இவள் பஸ் ஏறலாம். பெரியவள் வாயைத் திறந்தாள். எதிரே சின்னவள் நல்ல கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் வலை அலசின கை எதிரே இருந்தது. அந்தக் கண் எப்படி மாறும் என்று நினைத்தாள்.

"மழை வரும்போல இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

மழை வந்தது. இரண்டு நாள் கழித்து, ஆண்கள் இரண்டு பேரும் வண்டியில் மீன் ஏற்றிக்கொண்டு போயிருந்த ஒரு பிற்பகலில் வந்தது. வெயிலும் புழுக்கமுமாக இருந்த வானம் சட்டென்று கறுத்து, தகரக் கூரையில் கல்லெறிகிற மாதிரிச் சத்தம். பெரியவள் பழக்கத்தில் ஓடினாள். தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். காற்று அதை ஊதி முகத்தில் அடித்தது. பாதி மூடியிருந்தாள், அப்போது கைப்பேசி அடித்தது.

வீட்டுக்குள் அடித்தது. மேஜைமேல் இருந்தது. போய் எடுக்கலாம் என்றால் பாயை விட வேண்டும், பாயை விட்டால் மழை தொட்டிக்குள் இறங்கும். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. யார் என்று அவளுக்குத் தெரியும். தாழ்ப்பாள் போடாத ஒரு கதவுக்குப் பின்னால் படுத்துக்கொண்டு யார் அடிப்பார்கள்? பெரியவள் இரண்டு கையாலும் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு, மழையில் தெப்பமாக நனைந்துகொண்டு, மணி ஓய்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

அப்புறம் பாயை விட்டாள். அது பட்டம் மாதிரிப் பறந்துபோய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டது. தொட்டியின் அடியில், வெளிப்பக்கம், துணி சுற்றிய மரக்கட்டை ஒன்று அடைப்பாகச் செருகியிருக்கும். குனிந்து, இரண்டு கையாலும் பிடித்து, ஆட்டி ஆட்டிப் பிடுங்கினாள்.

பச்சைத் தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. முற்றத்தில் பரவி, வாசல் பக்கம் வளைந்து, தெருச் சாக்கடையில் இறங்கியது. தெருவே கொஞ்ச நேரம் பச்சையாக ஓடியது. பெரியவளுக்கு முதலில் நெஞ்சு லேசான மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த லேசு போய்விட்டது. ஓடுகிற தண்ணீரில் கையை வைத்தாள். தினமும் கையில் பட்ட அதே வழுவழுப்பு, விரலிடுக்கில் நழுவிப் போயிற்று. என்ன இருந்தாலும் உயிருள்ளது. அழுதாள், மழையில் அது தெரியவில்லை.

நிமிர்ந்தபோது எதிர் சமையலறை ஜன்னலில் சின்னவள் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்திருந்தாள்.

ஆண்கள் திரும்பி வந்தார்கள். காலியான தொட்டியைப் பார்த்ததும் மீன்காரர் முகத்தில் ஈயாடவில்லை. பெரியவள் வாயெடுக்கும் முன்னால் சின்னவள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். அவளும் நனைந்திருந்தாள், வேண்டுமென்றே போய் நனைந்துவிட்டு வந்திருக்கிறாள்.

"நானும் ஓடியாந்து புடிச்சேன் மாமா. காத்துன்னா காத்து, அப்படி ஒரு காத்து. பாயோட கயிறு அடைப்புல மாட்டி ஒரே இழுப்பா இழுத்துருச்சு. நாங்க ரெண்டு பேரும் என்ன பண்றது? அக்கா பாவம், கையால அடைச்சுக்கிட்டே உக்காந்திருந்தாங்க."

மீன்காரர் பெண்டாட்டியின் ஊறிப்போன பச்சைக் கையைப் பார்த்தார். போய்த் துண்டை எடுத்து வந்து நீட்டினார்.

பின்னால் அடுப்படியில் சின்னவள் காதோடு சொன்னாள். "நாளைக்கே கெளம்புங்கக்கா. இனிமே உங்கள எது புடிச்சு வைக்கும்? எம் பொண்ணா இருந்தா நானும் இதத்தான் செஞ்சிருப்பேன்." தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். அந்தத் தட்டு பெரியவளுக்கு அடியாக விழுந்தது.

மகளைக் கூப்பிட்டாள். "சும்மாத்தாம்மா அடிச்சேன். இடி இடிச்சுது, பயமா இருந்துச்சு" என்றாள் மகள்.

"நாளைக்கு மத்தியான பஸ்ஸு. கெளம்பிட்டேன்னு வச்சுக்க."

"நெசமாவா?" மகள் குரல் சின்னப் பிள்ளைக் குரலாகிவிட்டது. "நெசமாவாம்மா?"

மறுநாள் காலையில் மழை கழுவிவிட்ட வெயில் பளீரென்று அடித்தது. பெரியவளின் பை கட்டிலில் தயாராக இருந்தது. செய்தி கேட்டு மூடிக்காரர் விடிந்ததும் விடியாததுமாக வந்துவிட்டார். ஒரு மீனை அள்ளி மூடியைப் பிடித்துப் பார்த்தார்.

"இன்னைக்கு நெறம் இருக்கு. அடுத்த மாசக் கடைசிக்கு இருக்காதே!" என்று உதட்டைப் பிதுக்கினார். அப்புறம் பெரியவள் பக்கம் திரும்பினார். "பொண்ணுக்கு முடியலயாமே தங்கச்சி? போன்ல பேசும்போது உங்க கொழுந்தன் சொன்னாரு."

"ஆமாண்ணே."

அவர் மூடியை விரலிடுக்கில் உருட்டிக்கொண்டு யோசித்தார். "சரி, இப்படிச் செய்வோம். கடையில கலர் பொடி விக்குது. ஒரே வாரத்துல சிவக்கும். அது வேற சிவப்பு, சாயம் போட்ட மாதிரி இருக்கும், எனக்குப் புடிக்காது. இந்த ஒரு தடவ கண்ண மூடிக்கறேன். நீ போயிப் பொண்ணப் பாரும்மா. பாசிய வந்து பாத்துக்கலாம்."

பெரியவளுக்குக் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போலிருந்தது. டீ எடுத்துக்கொண்டு வந்த சின்னவளும் இதைக் கேட்டுவிட்டு, 'பார்த்தீர்களா' என்கிற மாதிரி இவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

"பொடியெல்லாம் வேணாம்" என்றார் மீன்காரர்.

இத்தனை நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து, தீனி மூட்டைகள் வைக்கிற கொட்டகைக்குள் போனார். திரும்பி வரும்போது கையில் துணி சுற்றிய ஒரு தண்ணீர் கேன் இருந்தது. முகத்தில் அடக்க முடியாத ஒரு கள்ளச் சிரிப்பு. துணியை உருவினார். உள்ளே பச்சை. கரும்பச்சை. குளிர்ந்து, தடித்து, உயிரோடு.

"தாய்த்தண்ணி" என்றார். "முன்ன ஒரு தடவ பாசி மஞ்சளாப் போயி நீ சோறு தண்ணியில்லாம படுத்துக் கெடந்தியே, ஞாபகம் இருக்கா? அப்பவே முடிவு பண்ணிட்டேன். உன்ன இன்னொரு தடவ அப்படிப் பாக்கக் கூடாதுன்னு ஒரு கேன் எடுத்துக் கொட்டகை ஜன்னல்ல ஒளிச்சு வச்சுட்டேன். தெனம் காலையில நீ பாக்காதப்ப குலுக்கி விடுவேன். அப்பப்ப உப்புத்தண்ணி மாத்துவேன். எங் கை படக் கூடாதுன்னு துணியச் சுத்திக்கிட்டுத்தான் தொடுவேன்."

"நீங்களா?" பெரியவள் கேனருகே குனிந்தாள். "இத்தன வருஷமா, நீங்களா வளத்தீங்க?"

"நான் எங்க வளத்தேன்? உங் கை பட்ட தண்ணி, அதுபாட்டுக்கு வளருது. நான் துணிதான் சுத்தினேன்."

மூடிக்காரர் தொடையில் தட்டினார். "அடேயப்பா! புருஷன்னா இப்படி இருக்கணும். அப்ப வேலைய ஆரம்பிங்க. அடுத்த மாசக் கடைசிக்கு ஆயிரும்ல?"

"அவ கை வச்சா ஆகாம என்ன?" என்ற மீன்காரர் பெண்டாட்டியின் பக்கம் குனிந்து, குரலைத் தணித்து, ஆசையாகச் சொன்னார். "பொண்ணப் பாக்க வேணாம்னு சொல்லல. இதக் கொஞ்சம் பெருக்கி விட்டுட்டு நிம்மதியாப் போயிட்டு வா."

பெருகிவிட்டால் கலக்க வேண்டும். கலக்க ஆரம்பித்தால் வடிக்க வேண்டும். அவருக்கு அது தெரியாது. பெரியவளுக்கு அது கையிலேயே தெரியும்.

மீன்காரர் ஓர் அகலமான பேசினைக் கொண்டுவந்தார். உப்புத் தண்ணீர் நிறைத்தார். கேனைத் துணியோடு பிடித்துச் சாய்த்தார். பச்சை மெல்லிய புகையாக இறங்கிப் பரவி, வெளிர் பச்சையாக நீர்த்தது. அதைத் தூக்கிக்கொண்டு போய் முற்றத்தின் நட்டநடுவே, வெயில் பட்டுப் பளபளத்துக்கொண்டிருந்த சிமெண்டுத் தரையில் வைத்தார். "நல்ல வெயிலு. பட்டா மளமளன்னு வரும்" என்றார்.

பெரியவள் பேசினைப் பார்த்தாள்.

ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அடைப்பைப் பிடுங்க வேண்டியதில்லை, பொய் சொல்ல வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும். சும்மா இருக்க அவளுக்குத் தெரியாதா? இந்த வெயிலில் மத்தியானத்துக்குள் பால்போல வெளுத்துவிடும். மத்தியானம் பஸ். கட்டிலில் பை இருக்கிறது. தாழ்ப்பாள் போடாத கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், "வந்துட்டேன்டி" என்று சொல்லலாம். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பேசினில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பாசி நூல்கள் எப்படிச் சுருளும், எப்படி அறும் என்று அவளுக்குத் தெரியும். நேற்று விரலிடுக்கில் நழுவிப் போனதன் மிச்சம் அது. துணி சுற்றி, பயந்து பயந்து, ஒரு மனுஷன் காப்பாற்றி வைத்தது. எல்லாவற்றையும்விட, கை. அந்தப் பாழாய்ப்போன கை தானாக முன்னால் நீண்டுவிட்டது, வாயும் கூடவே திறந்துகொண்டது.

"வெயில்ல வைக்காதீங்க. புதுசா ஊத்தின தண்ணி, வெயில் பட்டா வெளுத்துச் செத்துரும். மொதல்ல நெழல்லதான் வைக்கணும்."

"அப்படியா?" மீன்காரர் பதறிப்போய்ப் பேசினைத் தூக்கினார். "பாத்தீங்களாண்ணே? இதெல்லாம் எனக்குத் தெரியுமா?"

சின்னவள் கையில் டீ தட்டு அசையாமல் நின்றது. பெரியவள் திரும்பவில்லை. திரும்பாமலே அந்தப் பார்வை கழுத்தில் ஏறுவது தெரிந்தது.

"வெளுத்துச் செத்துருமா?" என்றாள் சின்னவள்.

மீன்காரர் பேசினோடு கொட்டகைப் பக்கம் நடந்தார்.

"நெழல்லதான் வைக்கணுமா அக்கா?" சண்டைக் குரல் இல்லை. ஒரு கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்கிறவளின் குரல். "நான் கோடை வெயில்ல வச்சேன். நீங்க பக்கத்துலதான் நின்னீங்க. ரெண்டாவது தடவ வைக்கும்போதும் நின்னீங்க."

சின்னவள் டீ தட்டைத் தொட்டி விளிம்பில் வைத்தாள். தன் இரண்டு கைகளையும் விரித்து, உள்ளங்கையைப் பார்த்தாள், புறங்கையைப் பார்த்தாள். இத்தனை வருஷத்துக்கும் சேர்த்துப் பார்ப்பவள்போல நின்று பார்த்தாள். பிறகு முற்றத்தைத் தாண்டித் தன் வீட்டுக்குள் போனாள். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"இந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சு?" என்றார் மூடிக்காரர்.

மீன்காரருக்கு அதெல்லாம் கவனமில்லை. பேசினைத் தளும்பாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கொட்டகை வாசலில் நின்றார். மேஜைமேல் கைப்பேசி அடிக்க ஆரம்பித்தது.

"இங்க வைக்கட்டுமா?"

"இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளி வைங்க" என்றாள் பெரியவள். புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு துடுப்பை எடுக்கப் போனாள்.